ஃபுல் பிளேட்டிலிருந்து ஃபுல் ஃபிரேம் வரை

சோமனூர், கருமத்தம்பட்டி, பல்லடம் சுற்றுவட்டாரத்தில் கல்யாணப் படம் எடுக்கிறவர்கள் சில வருடங்களாக ஒரே கேள்வியோடு இருக்கிறார்கள். கிராப் சென்சார் கேமராவை விட்டு ஃபுல் ஃபிரேமுக்கு மாறப்போகிறோம்; கையில் இருக்கிற லென்ஸை என்ன செய்வது, புதுசாக எதை வாங்குவது? லட்சங்களில் போகிற செலவு. தறி நிற்கிற வருடத்தில் கல்யாணச் செலவும் சுருங்கி, ஆல்பத்தின் பக்கங்களும் சுருங்கிவிடுகிற ஊர் நம்முடையது. கேள்வி நியாயமானதுதான். பதில் சொல்ல யூடியூபில் ஆட்கள் ஏராளம். ஆனால் அந்தப் பதில்கள் எல்லாமே புதுக் கேமராவில் இருந்து ஆரம்பிக்கின்றன. இதே கேள்வி வேறு வேறு வேஷத்தில் இதற்கு முன்னாலும் சில தடவை வந்துபோயிருக்கிறது. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால் எந்த லென்ஸ் தங்கும், எது தங்காது என்பது கொஞ்சம் துலக்கமாகத் தெரியும்.

முதலில் "ஃபுல்" என்கிற சொல்லைப் பார்ப்போம். பழைய ஸ்டுடியோக்காரர்கள் வாயில் "ஃபுல் பிளேட்", "ஹாஃப் பிளேட்" என்ற சொற்கள் ரொம்ப நாள் இருந்தன. ஃபுல் பிளேட் என்றால் 6½ × 8½ அங்குலக் கண்ணாடித் தகடு. 1839-ல் வெளியான டாகுரோடைப் முறையோடு வந்த அளவு அது. அதைப் பாதியாக்கி, காலாக்கி மற்ற அளவுகள் வந்தன. இன்றைக்கு நாம் ஃபுல் ஃபிரேம் என்று சொல்வது 24 × 36 மில்லிமீட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்த ஒரு ஃபுல் பிளேட்டின் பரப்பில் இந்த ஃபுல் ஃபிரேம் 41 அடங்கும். தாத்தா காலத்து ஸ்டுடியோக்காரரிடம் இதைக் காட்டி "இதுதாங்க முழுசு" என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

அந்தக் காலத்தில் பெரிய தகடு தேவைப்பட்டதற்குக் காரணம், நெகட்டிவ் எந்த அளவோ படமும் அந்த அளவுதான். காகிதத்தின்மேல் வைத்து அப்படியே அச்செடுப்பது வழக்கம். சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858-ல் தஞ்சைப் பெரிய கோயிலைப் படம் எடுத்தபோது அவருடைய நெகட்டிவ் ஏறக்குறைய 12 × 15 அங்குலம். விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டு முழுவதையும் பதிவு செய்ய வேண்டியிருந்தது. அகன்ற கோண லென்ஸில் ஒரே படமாக எடுத்தால் எழுத்து பொடியாகிவிடும், படிக்க முடியாது. சுவரை ஒட்டிக் கேமராவை நகர்த்தி நகர்த்தி எடுத்து, 21 படங்களை ஒட்டிச் சேர்த்தார். மொத்தம் சுமார் 19 அடி நீளம். லென்ஸால் முடியாததைக் காலால் முடித்த முதல் தமிழ்நாட்டு உதாரணம் என்று இதை நான் அடிக்கடி சொல்வேன்.

மரக் கேமராக்களில் இன்னொரு வசதி இருந்தது. 1940-களில் ஆலப்புழையில் செய்ய ஆரம்பித்த வாகீஸ்வரி கேமரா மாதிரியான பெட்டிகள் நம் பக்கத்து ஸ்டுடியோக்கள் வரைக்கும் வந்தன. தேக்குப் பெட்டி, தோல் துருத்தி. இப்படிப்பட்ட கேமராவில் லென்ஸ் ஒரு தனிப் பலகையில் உட்கார்ந்திருக்கும். பலகையைக் கழற்றி வேறு லென்ஸ் போடலாம். கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிற மவுன்ட் தொல்லை கிடையாது. பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: அந்த லென்ஸ் விழவைக்கும் வட்டம் தகட்டை மூடுமா?

இந்த வட்டம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. எந்த லென்ஸாக இருந்தாலும் உள்ளே விழுவது வட்டமான பிம்பம். அந்த வட்டத்துக்குள் தகடோ பிலிமோ சென்சாரோ முழுசாக அடங்கினால் நான்கு மூலையும் தெளிவாக வரும். நம்ம ஊர்க்காரர்களுக்கு இதைத் தறியை வைத்துச் சொல்வது சுலபம். அகலமான தறியில் குறுகின துணி ஓட்டலாம். குறுகின தறியில் அகலத் துணி வராது. பெரிய வட்டத்து லென்ஸைச் சின்ன சென்சாரில் மாட்டலாம். சின்ன வட்டத்து லென்ஸைப் பெரிய சென்சாரில் மாட்டினால் ஓரம் கறுத்துவிடும்.

24 × 36 எங்கிருந்து வந்தது? சினிமாவில் இருந்து. 35 மி.மீ. சினிமா பிலிமில் ஒரு ஃபிரேம் 18 × 24. ஜெர்மனியில் லைட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஆஸ்கர் பார்னாக், பிலிமைப் படுக்கையாக ஓடவிட்டு இரண்டு சினிமா ஃபிரேமை ஒன்றாகச் சேர்த்தார். 1925-ல் லைக்கா விற்பனைக்கு வந்தது. ஆரம்பத்தில் இந்த அளவுக்கு இரட்டை ஃபிரேம் என்றுதான் பெயர். மினியேச்சர் கேமரா என்றும் சொல்வார்கள். 1959-ல் ஒலிம்பஸ் பென் என்ற சின்னக் கேமரா திரும்பவும் 18 × 24-க்கே போனது. இப்போது அதற்கு அரை ஃபிரேம் என்று பெயர் வைத்தார்கள். ஒற்றையாக இருந்தது அரையாகிவிட்டது, இரட்டையாக இருந்தது முழுசாகிவிட்டது. இந்த முப்பத்துச் சொச்சம் வருடத்தில் பிலிமின் அகலம் ஒரு மி.மீ. கூட மாறவில்லை. மாறினது உலகத்தில் எந்த அளவுக்கு அதிகம் லென்ஸ் இருக்கிறது என்பது மட்டும்தான்.

சினிமா என்றதும் நம்ம கோயம்புத்தூர் ஞாபகம் வராமல் போகாது. சென்ட்ரல் ஸ்டுடியோவிலும் பட்சிராஜா ஸ்டுடியோவிலும் எடுத்த படங்கள் 35 மி.மீ. பிலிமில் வந்தவை. ஒலித்தடத்துக்கு இடம் விட்டது போக, பேசும்படத்தின் ஃபிரேம் ஏறத்தாழ 22 × 16 மி.மீ. 1954-ல் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு பட்சிராஜாவில் எடுத்த 'மலைக்கள்ளன்' படமும் அந்தக் காலத்து வழக்கப்படி இந்த வகைதான். இன்றைக்கு விற்கிற கேனான் ஏபிஎஸ்-சி கேமராவின் சென்சார் 22.3 × 14.9. ஆக, "கிராப்" என்று நாம் கொஞ்சம் இளக்காரமாகச் சொல்கிற அளவில்தான் கோயம்புத்தூரில் எம்.ஜி.ஆர். படமே எடுத்தார்கள். அவர்களுக்கு அது எதிலிருந்தும் வெட்டின அளவு கிடையாது. அதற்கென்றே செய்த லென்ஸ்கள் இருந்தன, அவ்வளவுதான்.

ஸ்டுடியோக்களில் தகடு போய் 120 ரோல் பிலிம் வந்தது. ஊட்டியில் அரசு நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1960-ல் தொடங்கி 1967-ல் உற்பத்திக்கு வந்தபிறகு, 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிமும் பிரோமைடு காகிதமும் மலையில் இருந்தே இறங்கின. கேமரா பெரும்பாலும் இரட்டைக் கண் யாஷிகா. ஒரு ரோலுக்கு 6 × 6 செ.மீ.யில் 12 படம். லென்ஸ் 80 மி.மீ., கழற்ற முடியாது. என்ன வாங்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

அந்த வரிசையில் ஒரு மாடல் மட்டும் நம் கதைக்கு ரொம்ப முக்கியம். 1958-ல் வந்த யாஷிகா 635. 120 பிலிமும் போடலாம், கூட வரும் துணைக்கருவிகளை மாட்டினால் 35 மி.மீ. பிலிமும் போடலாம். அதனால்தான் 6-35 என்று பெயர். லென்ஸ் அதே 80 மி.மீ. 120 பிலிம் போட்டால் கண்ணால் பார்ப்பது போன்ற சாதாரணக் கோணம். 35 மி.மீ. பிலிம் போட்ட உடனே அதே லென்ஸ் முகம் மட்டும் எடுக்கிற போர்ட்ரெய்ட் லென்ஸாக மாறிவிடும். இன்றைக்கு "கிராப் ஃபேக்டர்" என்று வகுப்பு எடுக்கிற விஷயம், சென்சார் என்ற சொல்லே புழக்கத்தில் இல்லாத காலத்தில் ஒரே கேமராவுக்குள் இருந்திருக்கிறது. லென்ஸ் மாறவில்லை, அது பார்த்த உலகத்தில் நாம் எவ்வளவை வெட்டி எடுத்துக்கொண்டோம் என்பதுதான் மாறியது.

இந்த இடத்தில் மா. கிருஷ்ணனைச் சொல்லாமல் போகக்கூடாது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், காட்டுயிர் எழுத்தாளர். தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்' நூல் வழியாகப் பலருக்கு அறிமுகமானவர். முதுமலை மாதிரியான காடுகளில் நடந்தும் யானை மேல் உட்கார்ந்தும் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தார். கடையில் கிடைத்த எதுவும் அவருக்குத் தோதாக இல்லை. வெவ்வேறு கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தனக்கென்று ஒரு கேமராவை அமைத்துக்கொண்டு, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று கிண்டலாகப் பெயர் வைத்தார். எடை கூடினது என்று பெயரே சொல்கிறது. எதைப் படம் எடுக்கப்போகிறோம், எவ்வளவு தூரத்தில் நின்று எடுப்போம் என்பதை முதலில் முடிவு செய்து, பிறகு லென்ஸ், கடைசியில்தான் பெட்டி என்று போகிற வரிசை அது. இப்போது நாம் தலைகீழாகப் போகிறோம்.

எண்பதுகளில் கலர் லேப் பரவினபிறகு கல்யாண வேலை 35 மி.மீ.க்கு மாறியது. பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம்2 எல்லாம் கழுத்தில் தொங்கின காலம். அப்போதுதான் லென்ஸ் சேர்க்கிற பழக்கம் நம் ஊருக்கு வந்தது: ஒரு 50, ஒரு 28, ஒரு 135, பிறகு ஜூம். நிக்கான் தன்னுடைய எஃப் மவுன்ட்டை 1959-ல் இருந்து மாற்றவில்லை என்பதால், சில கட்டுப்பாடுகளோடு, பழைய லென்ஸ் புதுக் கேமராவுக்கும் ஏறியது. கேனான் 1987-ல் எஃப்டி மவுன்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு ஈஎஃப் மவுன்ட் கொண்டுவந்தது. எஃப்டி லென்ஸ் வைத்திருந்தவர்கள் வயிறு எரிந்திருக்கும். ஆனால் புது மவுன்ட்டில் ஃபோகஸ் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே போய்விட்டது. கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மின் இணைப்பு மட்டும்தான். நிக்கான் மவுன்ட்டைக் காப்பாற்றியது, அதற்கு விலையாக ஆட்டோஃபோகஸ் மோட்டாரைக் கேமராவுக்குள் வைத்து ஒரு சின்ன திருகாணி வழியாக லென்ஸைச் சுழற்றியது. இந்தத் திருகாணியை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னால் வரும்.

பிறகு டிஜிட்டல். 1999-ல் நிக்கான் டி1 வந்தபோது சென்சார் ஏபிஎஸ்-சி அளவு. 24 × 36 அளவில் சென்சார் செய்ய முடியாமல் இல்லை, விலை கட்டவில்லை. சிலிக்கான் தகட்டில் பெரிய சதுரம் வெட்டினால் குறைவான சில்லுதான் கிடைக்கும். தகட்டில் எங்காவது ஒரு பழுது இருந்தால் பெரிய சில்லு ஒன்று முழுசாக வீண். 8 அங்குலத் தகட்டில் ஏபிஎஸ்-சி சென்சார் 200 கிடைக்கும் என்றால் ஃபுல் ஃபிரேம் 20தான் கிடைக்கும் என்று கேனானே கணக்குக் கொடுத்திருக்கிறது. ஆகவே பிலிம் காலத்து லென்ஸைச் சின்ன சென்சாரில் மாட்டினோம். 28 மி.மீ. லென்ஸ் 42 போல ஆனது. மண்டபத்தில் நின்றபடி எடுத்த குரூப் படத்துக்குச் சுவரில் முதுகை ஒட்டி நிற்க வேண்டிவந்தது. அகலம் வேண்டும் என்பதற்காக 18-55, 12-24 என்று சின்ன வட்டத்து லென்ஸ்கள் பிறந்தன. நிக்கான் அதை டிஎக்ஸ் என்றது, கேனான் ஈஎஃப்-எஸ் என்றது. கம்பெனிகளே பிலிம் அளவை அடிப்படையாக வைத்து "இது 1.5 மடங்கு" என்று கணக்குச் சொன்னதால்தான் அந்தப் பிலிம் அளவுக்கு ஃபுல் ஃபிரேம் என்ற பெயர் நிலைத்தது.

முழு அளவு சென்சார் 2002-ல் கான்டாக்ஸ் என் டிஜிட்டலிலும் கேனான் 1டிஎஸ்ஸிலும் வந்தது. சாதாரண ஸ்டுடியோக்காரர் எட்டிப் பார்க்கிற மாதிரி வந்தது 2005-ல் கேனான் 5டி, 2008-ல் நிக்கான் டி700. அன்றைக்கு மாறினவர்களுக்கு வந்தது ஒரே மாற்றம்: அளவு. மவுன்ட் அதேதான். பிலிம் காலத்து 50, 85, 70-200 எல்லாம் பீரோவில் இருந்து எடுத்து மாட்டினால் பழைய கோணம் அப்படியே திரும்பி வந்தது. செலவு கேமராவுக்கு மட்டும்.

இன்றைக்கு மாறுகிறவர்களுக்கு இரண்டு மாற்றம் ஒன்றாக வருகிறது. அளவும் மாறுகிறது, மவுன்ட்டும் மாறுகிறது. 2013-ல் சோனி ஏ7 வந்தது. 2018-ல் நிக்கான் இசட் மவுன்ட்டும் கேனான் ஆர்எஃப் மவுன்ட்டும் வந்தன. கண்ணாடி இல்லாததால் லென்ஸ் சென்சாருக்கு அருகில் வந்துவிட்டது. நிக்கான் எஃப் மவுன்ட்டில் 46.5 மி.மீ. ஆக இருந்த இடைவெளி இசட்டில் 16 மி.மீ. மீதி இடத்தில் அடாப்டர் வைத்துப் பழைய லென்ஸை மாட்டலாம். இங்கேதான் அந்தத் திருகாணி திரும்ப வருகிறது. நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் திருகாணியைச் சுழற்ற மோட்டார் கிடையாது. டி90-லும் டி7000-லும் நன்றாக வேலை செய்த 50 எஃப் 1.8டி லென்ஸ் இசட் கேமராவில் கையால் ஃபோகஸ் செய்கிற லென்ஸாகிவிடும். ஏஎஃப்-எஸ் வகை என்றால் பிரச்சினை இல்லை. கேனான் பக்கம் 1987-க்குப் பிறகு வந்த ஈஎஃப் லென்ஸ்கள் அடாப்டர் வைத்தால் ஆட்டோஃபோகஸோடு ஓடுகின்றன. அன்றைக்கு வாடிக்கையாளரைக் கைவிட்ட கம்பெனியின் லென்ஸ் இன்றைக்குப் பிழைத்தது, அன்றைக்குக் காப்பாற்றிய கம்பெனியின் லென்ஸில் ஒரு பகுதி இன்றைக்கு முடங்கியது. எனக்கு இந்த வரலாற்றிலேயே பிடித்த இடம் இதுதான்.

அப்படியென்றால் இப்போது எதை வாங்குவது? என் அபிப்பிராயம் இதுதாங்க. கேமரா விளம்பரத்தை மூடிவிட்டு, போன வருடம் எடுத்த கல்யாணங்களை லைட்ரூமில் திறந்து குவியத்தூரப்படி பிரித்துப் பாருங்கள். எந்த எண்ணில் படம் குவிந்திருக்கிறதோ அதை 1.5-ஆல், கேனான் என்றால் 1.6-ஆல், பெருக்குங்கள். 18-ல் குவிந்திருந்தால் உங்களுக்கு வேண்டியது 28 பக்கம். 50-ல் குவிந்திருந்தால் 75-85 பக்கம். பழைய 50-ஐ ஃபுல் ஃபிரேமில் மாட்டி "முகம் முன்ன மாதிரி வரலையே" என்று பலர் சொல்வதன் காரணம் இதுதான்; அது யாஷிகா 635 கதை, திசை மட்டும் தலைகீழ்.

அடுத்தது, எல்லாரும் 24-70 எஃப் 2.8 இல்லாமல் ஃபுல் ஃபிரேமே வீண் என்கிறார்கள். கிராப்பில் 17-50 எஃப் 2.8 வைத்துக் கல்யாணம் எடுத்துப் பழகினவர்களுக்கு, அதே கோணம், அதே பின்புல மங்கல், ஏறக்குறைய அதே இரைச்சல் அளவு ஃபுல் ஃபிரேமில் எஃப் 4 லென்ஸிலேயே கிடைத்துவிடும். 24-105 எஃப் 4 அதைவிட நீளமும் கூட. இதுவரை உங்களுக்குப் போதுமானதாக இருந்ததற்கு மேல் ஒரு படி வேண்டும் என்றால் மட்டும் 2.8-க்குப் பணம் கொடுங்கள். மிச்சப் பணத்தில் ஒரு 85 எஃப் 1.8 வாங்கினால் அந்த ஒரு படி அங்கே கிடைக்கும், கல்யாணப்பெண்ணின் படத்தில் கண்கூடாகத் தெரியும்.

குரூப் படத்தில் இதன் மறுபக்கம் இருக்கிறது. மேடையில் இரண்டு வரிசை நிற்கவைத்துக் கிராப்பில் எஃப் 4 வைத்தால் இரு வரிசையும் ஷார்ப்பாக வந்ததென்றால், அதே அகலத்தை அதே இடத்தில் நின்று ஃபுல் ஃபிரேமில் எடுக்க எஃப் 5.6-க்கு மேலே போகணும். ஐஎஸ்ஓவும் கூடவே ஏறும். அதாவது பெரிய சென்சார் கொடுத்த வெளிச்ச லாபம் குரூப் படத்தில் கரைந்துவிடுகிறது. முதல் மாதம் பின்வரிசைப் பெரியம்மா முகம் மங்கலாக வருவது இதனால்தான்.

அகலக் கோணம் நம்ம கல்யாணத்துக்குத் தனியாக வேண்டும். இணைச்சீர் நடக்கிறபோது மாப்பிள்ளை, அவர் கூடப்பிறந்தவர், அருமைக்காரர், வேடிக்கை பார்க்கிற சொந்தம் எல்லாம் சில அடிக்குள் நெருங்கி இருப்பார்கள். பின்னால் போக இடம் கிடையாது. அதற்கு 24 மி.மீ. போதும், அதற்குக் கீழே போனால் ஓரத்தில் நிற்கிறவர் இழுபட்டுத் தெரிவார், ஆல்பம் பார்க்கும்போது கேட்பார்கள். தாலி கட்டும்போது எதிர்ப் பிரச்சினை. கிராப்பில் 70-200 உங்களுக்கு 300 வரை இழுத்துக் கொடுத்தது. ஃபுல் ஃபிரேமில் அது 200-லேயே நிற்கும். அதற்காக இன்னொரு பெரிய லென்ஸ் வாங்க வேண்டியதில்லை. 24 மெகாபிக்சல் கேமராவில் கிராப் மோடு போட்டால் சுமார் 10 மெகாபிக்சல் கிடைக்கும். 12 × 36 ஆல்பத்தில் ஒரு பக்கமான 12 × 18-க்கு அங்குலத்துக்கு 200 புள்ளிக்கு மேல் வருகிறது. கையில் வைத்துப் பார்க்கிற ஆல்பத்துக்கு அது தாராளம்.

இதே காரணத்தால் பழைய டிஎக்ஸ் லென்ஸை உடனே அடிமாட்டு விலைக்குத் தள்ளவும் வேண்டாம். நிக்கானிலும் சோனியிலும் கிராப் லென்ஸ் மாட்டினால் கேமரா தானே நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். கேனானில் ஈஎஃப்-எஸ் லென்ஸ் பழைய ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆரில் ஏறவே ஏறாது, ஆனால் ஆர் வரிசைக் கேமராவில் அடாப்டர் வைத்தால் ஏறும். ஒரு சீசன் அப்படியே ஓட்டலாம்.

பழைய ஃபுல் ஃபிரேம் லென்ஸ்கள் இப்போது கோயம்புத்தூர் கடைகளில் செகண்ட் ஹேண்டில் நிறைய வருகின்றன. டிஎஸ்எல்ஆரை விட்டு மற்றவர்கள் வெளியேறுகிற நேரம் இது. வாங்கப் போகும்போது உங்கள் கேமராவையும் அடாப்டரையும் எடுத்துக்கொண்டு போய் மாட்டி, திறந்த அப்பர்ச்சரில் ஒரு செங்கல் சுவரை எடுத்து நான்கு மூலையும் பெரிதாக்கிப் பாருங்கள். கிராப்பில் எடுத்தவர்கள் அந்த மூலைகளைப் பார்த்ததே இல்லை. பிறகு லென்ஸைக் கழற்றி ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். ஊட்டி, வால்பாறை பக்கம் இருந்து வந்த லென்ஸ் என்றால் உள்ளே சிலந்தி நூல் மாதிரி பூஞ்சை ஓடியிருக்கும். அப்படி இருந்தால் விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம்.